ஆத்மநாதன் டெக் காத்த படலம்

வாழ்க ஆத்மநாதன். குவைத் வெயிலில் பன்னிரண்டாண்டு வெந்தும் வாடாத மேனியன். கீரமங்கலத்துக்கு அப்பால், தைலமரக் காட்டோரத்தில், வீட்டுப் பின்வாசலை ஒட்டித் தேக்குப் பலகையால் ‘டெக்’ என்னும் திறந்த திண்ணை போட்டு, ஊரார் அதை நாடக மேடை என்று கேலி பேசியதையும் பொறுத்த பெருந்தகை. அவன் புகழைப் பாட நமக்கு வாய்த்தது ஒரே நாக்கு, என்ன செய்வது.

சென்ற சித்திரையில் காடு பற்றி, பக்கத்துக் கொல்லை ரெங்கசாமியின் வைக்கோல்போர் சாம்பலான நாள்முதல் அவனுக்கு நிம்மதி இல்லை. உழைத்ததெல்லாம் தங்கைகளின் நகையாகவும் தம்பியின் படிப்பாகவும் போய்விட, தனக்கென்று அவன் ஆசைப்பட்டுச் செய்துகொண்டது அந்த டெக் ஒன்றுதான். அது எரிந்தால் அவன் தாங்கமாட்டான்.

ஆகவே, செல்போனில் வெளிநாட்டுக்காரன் ஒருவன் ஓதிய தீத்தடுப்பு வேதத்தை மும்முறை கேட்டு, கைலியை மடித்துக் கட்டி, விளக்குமாறு ஏந்திப் போர்க்கோலம் பூண்டான். பலகையடியில் மனைவி அன்புமொழி அடுக்கியிருந்த தென்னைமட்டைப் பெரும்படை முதலில் வீழ்ந்தது.

“மழை வந்தா மட்டையெல்லாம் எங்கிட்டு வைக்கிறதுங்க?” என்றாள் அவள்.

“டெக்குக்குக் கீழ எரியுற சாமான் ஒண்ணும் கெடக்கக் கூடாது. சுத்தி அஞ்சடிக்கு ஒரு புல்லு இருக்கக் கூடாது” என்று முழங்கினான், காப்பி குடிக்கவும் மறந்த மாவீரன்.

பின்னர், பலகை இடுக்குகளில் பதுங்கிய தைலச் சருகுப் பகைவரை ஈர்க்குச்சியால் ஒவ்வொருவராகக் குத்தி இழுத்து, முழங்கால் தேய, முதுகு கழல, காலை தொட்டு உச்சிவரை பொருது, அடிப்பக்கத்தைக் கம்பிவலையால் அடைத்து, புல்லைச் செதுக்கி வெறுமண்ணாக்கி, வென்றான் வென்றான் என்று காக்கைகள் கரைய நிமிர்ந்தான். மாண்ட சருகுகள் டெக்கின் படியோரத்தில் மலையாகக் குவிந்து கிடந்தன.

கூட்டிய குப்பையைக் கூட்டிய இடத்திலேயே கொளுத்துவது நம் பக்கத்து வழக்கம். வெற்றிக் களிப்பில் இருந்தவனுக்கு வேறு யோசனை ஏது? தீக்குச்சியைக் கிழித்தான்.

எண்ணெய் ஊறிய சருகுக்குச் சொல்லவா வேண்டும். குப்பென்று எழுந்த செந்தழல், காற்றின் தோளேறி, காட்டுத் தீயே தொடாத பலகையைத் தொட்டது. ஆத்மநாதன் பாய்ந்தான். விளக்குமாற்றால் அடித்தான், விளக்குமாறும் பற்றிக்கொண்டது. அந்நேரம், மாட்டுக்கு வைத்திருந்த கழுநீர் வாளியோடு களம்புகுந்த அன்புமொழி ஒரே வீச்சில் தீயைத் தீர்த்தாள்.

“காட்டுத் தீ வந்துருச்சாங்க?” என்றாள்.

பாட்டுடைத் தலைவன் எரிந்த விளக்குமாற்றைக் கீழே போட்டான்.

கருகிய இரண்டு பலகையை மறைத்து இப்போது அங்கே செருப்பு ஸ்டாண்டு இருக்கிறது.