குழாயில் கரண்டு இருப்பதால் மகளை அழைக்க வரவில்லை

திருநகர், மதுரை
13.6.83

மேலூரில் இருக்கும் மதிப்புக்குரிய சம்பந்தி காசிமாயன் அவர்களுக்கு, நல்லகாமன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் வீட்டுக்காரி மாயக்காளும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. அங்கு தாங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளையும், வயிற்றுப் பிள்ளையோடு இருக்கும் என் மகள் பாண்டியம்மாளும் சுகமாக இருக்க வேண்டும்.

வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதுதான் முறை. வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொன்னவன் வரவில்லை. பிரசவம் பார்க்கப் பயந்து ஒளிந்துகொண்டான் என்று அங்கே பேச்சு வந்திருக்கும். காரணம் அதுவல்ல சம்பந்தி. எங்கள் வீட்டுக் குழாயைத் தொட்டால் கரண்டு அடிக்கிறது.

தங்கள் தம்பி மகன் காளை நல்ல பிளம்பர் என்று தாங்களே அனுப்பி வைத்தீர்கள், குறை சொல்ல மனம் வரவில்லை, குழந்தை வருகிற வீட்டில் துருத் தண்ணீர் ஆகாது என்று மண்ணுக்குள் கிடந்த இரும்புப் பைப்பைத் தோண்டி எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் பைப்பைப் பதித்தான், மறுநாள் காலையில் குழாயைத் திறந்த மாயக்காள் செம்பு ஒரு பக்கம் தான் ஒரு பக்கமாக விழுந்தாள். குலசாமிக்குக் கிடா வெட்டாத குற்றம் என்று சொல்லி மஞ்சள் துணியில் காசு முடிந்து, ஈரக்கையோடு அதே குழாயில் கட்டப் போனாள். சாமி மறுபடியும் அடித்தது.

காளையைக் கூப்பிட்டுக் கேட்டால், "நான் தண்ணிக்காரன் மாமா, கரண்டப் பத்தி எனக்கென்ன தெரியும்?" என்றான். மெயின் சுவிட்சை அணைக்கலாமே என்பீர்கள். முப்பது வருஷம் தல்லாகுளம் ஆபீசில் கோப்பு பார்த்தவன் நான், அந்தப் பெட்டிப் பக்கமே போகமாட்டேன். கரண்டு போச்சே என்று தெருவே ஏசும் நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் துண்டோடு குளிக்க ஓடினோம். ஒருநாள் தலையில் சோப்போடு நிற்கும்போது கரண்டு வந்துவிட்டது. மறுபடி போகும்வரை நுரையோடு நின்றேன். பால்காரர் வெள்ளைத்துரை எங்கள் குழாய்ப் பக்கமே வருவதில்லை, அன்றிலிருந்து பால் கெட்டியாக இருக்கிறது. இந்த வீட்டில் நடந்த நல்லது அது ஒன்றுதான்.

நேற்று வயரிங் வேலை பார்க்கும் லாசர் வந்தார். மோட்டாரில் கரண்டு கசிவது பழைய கதையாம். எர்த் கம்பியை இரும்புப் பைப்பில்தான் கட்டியிருந்தார்களாம், கசிந்ததெல்லாம் அது வழியாக மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்ததாம். இப்போது இறங்க வழியில்லாமல் குழாயிலேயே நிற்கிறதாம். "எர்த் கட்டுன பைப்ப எடுக்குறப்ப, இந்தக் கம்பி என்னன்னு ஒரு வார்த்தை கேக்க வேண்டாமாண்ணே? இதுல ஆள் செத்திருந்தா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டுவிட்டு, அவரே மெயினை அணைத்துவிட்டுப் போனார். அந்தக் கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது. அந்தக் குழாயில் என் மகள் கை வைத்திருந்தால்?

குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, புது எர்த் இறக்கும்வரை அவள் அங்கேயே இருக்கட்டும். தங்கள் வீட்டில் உள்ளது பழைய இரும்புப் பைப். பிள்ளை பயமில்லாமல் குழாயைத் திறக்கலாம். அந்த ஒரு நினைப்பில்தான் எங்களுக்குத் தூக்கம் வருகிறது. காளையைத் திட்ட வேண்டாம். பெரியவர்களுக்கு வணக்கம், மகளுக்கும் பிறக்கப்போகும் பிள்ளைக்கும் எங்கள் ஆசி.

தங்கள் அன்புள்ள,
நல்லகாமன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் காளை வந்தான். லாசர் சொன்னதைச் சொன்னேன். "மாமா, முந்தாநேத்து மேலூர்ல பெரியப்பா வீட்டுலயும் இரும்ப எடுத்துட்டு பிளாஸ்டிக்கத்தான் போட்டேன். அங்கயும் அந்தக் கம்பி கட்டியிருந்துச்சு" என்றான். மேலே எழுதியது எதுவும் செல்லாது. தபால் நாளைக்குத்தான் வரும். தந்தி கொடுத்தால் பிரிக்கும் முன்பே ஒப்பாரி வைத்துவிடுவீர்கள், பிள்ளைத்தாய்ச்சி தாங்க மாட்டாள். லாசரையும் காளையையும் கூட்டிக்கொண்டு இப்போதே பஸ் ஏறுகிறேன். கடிதத்தைத் தங்கள் கையில் திணித்துவிட்டு, நலம் விசாரிக்காமல், செருப்பைக் கூடக் கழற்றாமல், நேரே மெயின் சுவிட்சுக்குத்தான் போவேன். மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம் சம்பந்தி.