சட்டப்படி ஐயா ஏறிய படகு

கடவுளே வந்தாலும் எடை பார்க்காமல் படகில் ஏற்றாத மனிதர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒருவர்தான் இருந்தார். பெயரை விடுங்கள். எங்களுக்கு அவர் 'சட்டப்படி ஐயா'.

எழுபதுகளின் கடைசியில் பத்து காஜா என்ற ஊரில், ஆற்றுப் படகுகளைச் சோதிக்கும் சிறிய அலுவலகம் ஒன்றில் அவர் பரிசோதகர், நான் டைப்பிஸ்ட். அவருடையது யாழ்ப்பாணத்துக் குடும்பம். வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தானை எந்த வெயிலிலும் கழற்ற மாட்டார். ஒரு முறை கோயில்காரர்கள் ஆற்றில் தெப்பம் விட்டபோது, "எட்டுப் பேர்தான் ஏறலாம். சுவாமியையும் சேர்த்து" என்றார். குருக்கள் கெஞ்சிப் பார்த்தார். "ஐம்பொன் சிலைக்குப் பாரம் இல்லையோ?" என்று கேட்டு, நாதஸ்வரக்காரரைக் கரையில் இறக்கிவிட்டார்.

அப்போது சிங்காரம் என்பவர், வேலை பார்த்த ரப்பர் தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டதும், ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கிய பழைய ஈயக்குட்டை ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து உல்லாசப் படகு விட ஆரம்பித்தார். ஐயா முதல் வாரமே போய் நின்றார். ஒரு மரப்படகின் அடியில் தார் பூசி ஒட்டுப் போட்டிருந்தது.

"இதை ஓட்டக் கூடாது" என்றார்.

"எந்தச் சட்டத்துல இருக்கு, காட்டுங்க லா" என்றார் சிங்காரம்.

ஐயா ஒரு வாரம் சட்டப் புத்தகங்களைப் புரட்டினார். பிறகு தலைமையகத்துக்குக் கடிதம் அடிக்கச் சொன்னார். பதில் வந்தது: தனியார் குட்டையில் ஓடும் படகைச் சோதிக்கவோ தடுக்கவோ இந்த அலுவலகத்துக்கு அதிகாரம் இல்லை.

வேறு யாராக இருந்தாலும் அதை மேசைக்குள் வைத்துப் பூட்டியிருப்பார்கள். இவர் கடிதத்தை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போய் சிங்காரத்திடமே காட்டினார். "சட்டம் உம்மட பக்கம்தான்."

அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் ஐயா குட்டைக்குப் போய், வேலிக்கு வெளியே வெறுமனே நின்று பார்த்துக்கொண்டிருப்பாராம்.

தீபாவளிக்கு மறுநாள் என் மனைவியையும் இரண்டு பெண்களையும் அங்கே அழைத்துப் போனேன். ஒரே கூட்டம். எங்கள் முறை வந்தது, அந்த ஒட்டுப் போட்ட படகு. பெரியவள் கால் வைக்கப் போனபோது, பின்னாலிருந்து ஐயா வந்து முதல் ஆளாக ஏறி நடுப்பலகையில் உட்கார்ந்துவிட்டார். கையில் டிக்கெட்.

"ஐயா, எறங்குங்க. ஒங்களுக்குத்தான் அதிகாரம் இல்லையே!" என்றார் சிங்காரம்.

"நான் சோதிக்க வரேல்லை. டிக்கெட் எடுத்த பயணி. என்னை இறக்க எந்தச் சட்டத்தில இடமிருக்கு எண்டு காட்டும்."

எனக்கு அவமானமாக இருந்தது. "புள்ளைங்க ஆசையா வந்திருக்காங்க ஐயா. விட்டுருங்க" என்றேன்.

"தம்பி, உம்மட பிள்ளையளின்ட கையைப் பிடிச்சுக்கொண்டு கரையில நில்லும்."

வரிசையில் நின்றவர்கள் கேலி செய்தார்கள். அவர் அசையவில்லை. கால் மணி நேரம் ஆகியிருக்கும். அவர் காலிலிருந்த சப்பாத்து நனைந்திருப்பதைச் சின்னவள்தான் முதலில் பார்த்தாள். ஒட்டின் ஓரமாகத் தண்ணீர் கொப்பளித்தது. கணுக்கால் மறைந்தது. பிறகு முழங்கால். கேலி நின்றது. அவர் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டார்.

"நீச்சல் தெரியுமா ஐயா?" என்று கத்தினாள் என் மனைவி.

"தெரியாது, பிள்ளை."

சொல்லி முடிப்பதற்குள் ஒட்டு பெயர்ந்தது. ஈயக்குட்டைக்குக் கரையோரமே பாதாளம். சிங்காரமும் நானும் ஒன்றாகக் குதித்தோம். கழுத்துப் பொத்தான் கழலாத சட்டையைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தோம்.

சிங்காரம் சேற்றில் உட்கார்ந்து அழுதார். "இந்நேரம் புள்ளைங்களோட நடுக்குட்டையில விட்டிருப்பேனே, ஐயா!" அன்றே எல்லாப் படகுகளையும் கரையேற்றினார். புதுப் பலகை அடித்த பிறகு ஒவ்வொன்றையும் பார்க்கச் சொல்லி அவரே ஐயாவைக் கூப்பிட வந்தார். "அதிகாரம் இல்லை. அழைச்சதால வாறன்" என்றார் ஐயா.

அதன் பிறகு அவரோடு ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். ஒரு காற்புள்ளிக்காக ஒரே கடிதத்தை நான்கு தரம் அடிக்கச் சொல்லுவார். பக்கத்து மேசைக்காரர்கள் பல்லைக் கடிப்பார்கள். நான் ஐந்தாவது தாளையும் சேர்த்தே எடுத்து வைத்துக்கொள்வேன்.