ஆறு கலர் கொடி தைக்கப் போனேன்

அன்னைக்கு வேலை சின்ன வேலைதான். ஆறு கலர்ல ஒரு கொடி தைக்கணும்.

மதுரையில வானவில் பேரணின்னு போன்ல ஒரு குரூப்ல போட்டிருந்தாங்க. ஆம்பளைய விரும்புற ஆம்பளைங்க, பொம்பளைய விரும்புற பொம்பளைங்க, திருநங்கைகள்னு எல்லாரும் சேர்ந்து நடக்குறது. நான் மொத வகை. குரூப்ல ஒருத்தரையும் நேர்ல பாத்ததில்ல. ஆனா "கொடி யாரு கொண்டு வர்றீங்க?"ன்னதும் "நான்"னு போட்டுட்டேன். டைப் பண்றப்ப மட்டும் எனக்கு வீரம் பொங்கும்.

ஆன்லைன்ல வாங்கிருக்கலாம். பார்சல் வந்தா எங்கம்மாதான் பிரிக்கும். அதனால எங்க ஊரு பேகம்பூர்ல கட்சிக் கொடி தைக்கிற ஒரு பாய்கிட்ட துணியக் குடுத்தேன்.

புரட்டிப் பாத்தாரு. "இது எந்தக் கட்சி தம்பி?"

"கட்சி இல்ல பாய். ஒரு ஊர்வலத்துக்கு."

"தலைவர் யாரு?"

"தலைவர்லாம் கிடையாது. எல்லாரும் சமம்."

"அப்பத் தேறாது"ன்னு சொல்லிட்டு அளவெடுத்தாரு.

பக்கத்துல வெள்ளைச் சட்டை தைக்க வந்த ஒரு அண்ணன் காதத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு. "தம்பி, நகரச் செயலாளர் பதவி காலியா இருக்கா? நான் மூணு கட்சியில இருந்திருக்கேன். அனுபவம் இருக்கு."

"இல்லண்ணே, இது வேற மாதிரி."

"எல்லாரும் மொதல்ல அப்பிடித்தான் சொல்வாங்க. நீ யாரு மகன்?"

வாயி சும்மா இருக்கணும்ல. அப்பா பேரச் சொல்லிட்டேன்.

எங்கப்பா வார்டு செயலாளர். வாலிப வயசுலருந்து ஒரே கட்சி, ஒரே கரை வேட்டி. நான் வீட்டுக்குப் போறதுக்குள்ள சேதி போயிருச்சு. அம்மா மாதா கோயிலுக்குப் போயிருந்துச்சு. அப்பா டிவி முன்னாடி உக்காந்திருந்தாரு.

"ஏலே, கட்சி மாறிட்டியாமே. கொடியே தைக்கக் குடுத்துட்டியாமே. நாளைக்கு வார்டுல எவன் மூஞ்சியில முழிப்பேன்?"

வேற கட்சிக்குப் போயிட்டேன்னு பொய் சொல்லலாமான்னு யோசிச்சேன். வீட்ட விட்டே துரத்திருவாரு. உண்மை பரவாயில்லைன்னு தோணுச்சு.

"அப்பா, அது கட்சிக் கொடி இல்ல. எனக்குப் பொண்ணுங்க மேல ஆசை வராது. ஆம்பளைங்களத்தான் பிடிக்கும். அந்த மாதிரி ஆளுங்களோட கொடிப்பா."

டிவிய அமத்துனாரு. தேர்தல் விவாதம் ஓடுறப்ப எங்க வீட்டுல டிவி நின்னதே கிடையாது.

"அப்பக் கட்சி மாறல?"

"இல்லப்பா."

"சத்தியமா?"

"மாதா மேல சத்தியம்."

நிம்மதியா மூச்சு விட்டாரு. செத்த நேரங்கழிச்சுத்தான் மத்தது உள்ள எறங்குச்சு. மூஞ்சி சுண்டிப்போச்சு.

"எனக்கு இது ஒண்ணும் வெளங்கலடா. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன், நீ சொதப்பிருவ. சோறு இருக்கு, போய்ச் சாப்புடு."

சாப்பாட்டுல உப்பு இருந்துச்சா இல்லையான்னே தெரியல.

பேரணியன்னைக்கு மதுரை பஸ்ல பக்கத்துல ஒருத்தன் உக்காந்தான். எங்க ஊருக்குப் பக்கத்துல ரெட்டியார்சத்திரத்துக்காரனாம். "எங்க போறீக?"ன்னான். "சொந்தக்காரவுக கல்யாணம்"னேன். "நானும் கல்யாணத்துக்குத்தான்"னான். ரெண்டு பேரும் பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு மதுரை வரைக்கும் கல்யாணச் சாப்பாடப் பத்தியே பேசிட்டு வந்தோம்.

பேரணியில நான் கொடிய விரிச்சேன். மறுமுனையப் பிடிச்சுக்க ஒரு ஆளு ஓடி வந்தான். பாத்தா அவன்.

"பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"ன்னான்.

சிரிச்ச சிரிப்புல ரெண்டு பேருக்கும் கண்ணுல தண்ணி. அப்புறம் தொண்டை கட்டுற வரைக்கும் கோஷம் போட்டோம்.

சாயங்காலம் அப்பா போன் பண்ணாரு. எடுக்கவே பயமா இருந்துச்சு.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சுப்பா."

"எம்புட்டுப் பேரு வந்தாக?"

"இருநூறு பேரு இருக்கும்."

கொஞ்சம் யோசிச்சாரு.

"வெளிய எவனாச்சும் கேட்டா ரெண்டாயிரம்னு சொல்லு."