‘ங்க’ போட்டுப் பூட்டின கதை

எங்கள் ஊரில் சண்டை போட்டாலும் ‘ங்க’ போட்டுத்தான் போடுவோம். ‘நாசமாப் போங்க’ என்பதுகூட இங்கே மரியாதையான பேச்சு. அந்த மரியாதைதான் என்னைக் கவிழ்த்தது.

அப்போது நெருப்பெரிச்சல் என்கிற இடத்தில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன்; ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுக்காரருக்குப் பதில் சொல்கிற வேலை. சாம்பிள் லேட்டானாலும் சாயம் மாறினாலும் திட்டு எனக்குத்தான். எனக்கிருந்த ஒரே பொழுதுபோக்கு, ஒரு செய்தித் தளத்தில் பதிவு செய்துகொண்டு, செய்திகளுக்கு அடியில் கருத்து எழுதி நாட்டைத் திருத்துவது. (நாடு திருந்தவில்லை.) அந்தத் தளத்துக்கும் என் சொந்த மெயிலுக்கும் ஒரே பாஸ்வேர்டு: சேகர்.

சேகர் என் தம்பி. துபாய்க்கு வேலைக்குப் போனவன், அங்கேயே ஒரு விபத்தில் இறந்துபோனான். அவன் எழுதின மெயில்கள் மட்டும் என்னிடம் இருந்தன. ‘அக்கா, சாப்ட்டீங்களா? இங்க கொழம்புல தேங்காயே போட மாட்டேங்கறானுங்க’ என்கிற ரகம். தினமும் காலையில் அவன் பேரை அடித்துத்தான் அவற்றைத் திறப்பேன். அவனைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.

ஒருநாள் செய்தித் தளத்திலிருந்து ஒரு மெயில். யாரோ உள்ளே புகுந்து வாசகர்களின் விவரங்களை அள்ளிக்கொண்டு போய்விட்டார்களாம். பாஸ்வேர்டை மாற்றுங்கள், அதையே வேறெங்காவது வைத்திருந்தால் அங்கேயும் உடனே மாற்றுங்கள் என்றிருந்தது.

“மாத்தீட்டீங்களா?” என்று கேட்டார், ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கிற மணியண்ணன்.

“மாத்தீட்டேனுங்ணா.”

செய்தித் தளத்தில் ‘சேகருங்க’ என்று மாற்றியிருந்தேன். மெயிலில் மாற்ற மனசு வரவில்லை. கூடப்பிறந்தவனை எப்படிங்க மாற்றுவது?

அடுத்த வாரம் முதலாளி கூப்பிட்டார். “ஏனம்மிணி, நான் குண்டா இருக்கறது ஊருக்கே தெரியுமுங்க. அதுக்கு மெயில் வேற போடோணுமா?”

உடம்பு இளைக்கும் மாத்திரைக்கு விளம்பரம், என் பேரில், அவருக்கும் எங்களிடம் சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையருக்கும் என் நாத்தனாருக்கும் போயிருந்தது. (அதை நான் அனுப்பவில்லை என்று நாத்தனார் இன்றுவரை நம்பவில்லை.)

ஓடிப்போய் மெயிலில் ‘சேகர்’ என்று அடித்தேன். தப்பு என்றது. மறுபடியும் அடித்தேன். அதே பதில். மணியண்ணன் என்னென்னமோ செய்து மீட்டுக் கொடுத்தார். உள்ளே ஒன்றுமே இல்லை. புகுந்தவன் எல்லாவற்றையும் வழித்துத் துடைத்துவிட்டுப் போயிருந்தான்.

கட்டிங் டேபிளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். சேகர் போன சேதி வந்தபோதுகூட அப்படி அழவில்லை. மணியண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். “மாத்தீட்டேன்னுதானுங்களே சொன்னீங்க?”

“செய்தித் தளத்துல மட்டும் ‘ங்க’ போட்டேனுங்ணா.”

விஷயம் புரிந்ததும், பாவம், அவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. திரும்பி நின்றுகொண்டார்.

கதை வீடு வரைக்கும் வந்துவிட்டது. இன்றைக்கும் ஊருக்குக் கிளம்பும்போது கதவைப் பார்த்து என் வீட்டுக்காரர் கேட்பார், “‘ங்க’ போட்டுப் பூட்டினயா?” பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

இப்போதெல்லாம் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பாஸ்வேர்டு வைத்திருக்கிறேன். ஒன்றிலும் சேகர் இல்லை. காலையில் அவனைக் கூப்பிட எனக்கு இடமே இல்லீங்க.