இருபதுக்கு இருபதும் மரகதத்தின் முந்நூறும்

ஒரு காட்டில், மற்ற காடுகளில் இருப்பதைப் போலவே, ஒரு பேரவை இருந்தது. மற்ற காடுகளில் இருப்பதைப் போலவே அதில் இரண்டு கட்சிகள் இருந்தன. கொம்புக் கட்சிக்கு இருபது உறுப்பினர்கள், நகக் கட்சிக்கும் இருபது உறுப்பினர்கள். கொம்பும் நகமும் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கிறீர்களா? அவர்கள் ஓட்டுப் போடுவார்கள்.

தேர்தல் முடிந்து, மருத மரத்தடியில் பேரவை கூடியது. முதல் வேலை, பேரவைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது. அவர் கையெழுத்து இல்லாமல் அந்தக் காட்டில் ஒரு சருகைக்கூட இடம் மாற்ற முடியாது. கொம்புக் கட்சி தன் தலைவரான காட்டெருமை வீரபாகுவை நிறுத்தியது. நகக் கட்சி தன் தலைவரான சிறுத்தை புள்ளியப்பனை நிறுத்தியது. புதருக்குப் பின்னால் ஆளுக்கொரு பானை. உறுப்பினர்கள் ஒவ்வொருவராகப் போய், பிடித்தவர் பானையில் ஒரு புளியங்கொட்டையைப் போட்டுவிட்டு வந்தார்கள். பேரவைச் செயலாளரான முள்ளம்பன்றி எண்ணியது. இருபதுக்கு இருபது.

மறுபடி நடத்தினார்கள். இருபதுக்கு இருபது. அன்று மட்டும் ஐந்து தடவை நடத்தினார்கள். முள்ளம்பன்றி ஒவ்வொரு தடவையும் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி, மையில் தொட்டு முடிவை எழுதியது. பிறகு யாரும் காதில் வாங்காத அடுத்த விதியையும் கடமை தவறாமல் வாசித்தது: "தேர்வானவரை, அவர் இருக்கும் இடத்துக்கே போய், இரு கட்சித் தலைவர்களும் தங்கள் கையாலேயே அழைத்து வந்து மேடையில் அமர்த்த வேண்டும். யாரும் தேர்வாகாததால் சபை நாளை கூடும்."

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது, மலையடிவாரக் குட்டையில் தவளை மரகதம் தவித்துக்கொண்டிருந்தது. கோடை. குட்டையில் பத்து நாளுக்குத்தான் தண்ணீர் இருந்தது. மரகதத்தின் முந்நூறு தலைப்பிரட்டைகளுக்குக் கால் முளைக்க இன்னும் இருபது நாள் வேண்டும். மேலே சுனையில் தண்ணீர் நிறையவே இருந்தது. ஆனால் வாய்க்காலின் வாயை ஒரு கல் அடைத்திருந்தது. கல்லுக்குப் பக்கத்தில் காவலுக்கு ஒரு யானை நின்றது.

"யானை அண்ணே, தும்பிக்கையால ஒரு தட்டு தட்டினா இந்தக் கல்லு நகர்ந்துடாதா?" என்று மரகதம் கேட்டது.

"ஏன் நகராது? போன மழைக்கு வெள்ளம் வந்தப்போ நான்தானே இதை இங்க வெச்சேன்."

"அப்போ நகர்த்துங்க அண்ணே. பிள்ளைங்க காய்ஞ்சு போயிடுவாங்க."

"வைக்கச் சொல்லி உத்தரவு இருந்துச்சும்மா. எடுக்கச் சொல்லி இல்லையே. தலைவர் கையெழுத்து போட்டா, அரை நிமிஷ வேலை."

"தலைவரே இல்லையே!"

"பாரு, அதுதான் என் கஷ்டமும்" என்றது யானை. அதன் கண் உண்மையிலேயே கலங்கியிருந்தது. ஆனால் கண் கலங்குவதற்கு உத்தரவு தேவையில்லை.

மரகதம் உட்கார்ந்து யோசித்தது. எருமை வந்தால் என்ன, சிறுத்தை வந்தால் என்ன? ஒரே ஒரு கொட்டை பானை மாறி விழுந்தால் போதும். அது நேராகக் கொம்புக் கட்சியின் வரையாட்டிடம் போனது.

"ஐயா, நீங்க குட்டியா இருந்தப்போ எங்க குட்டையிலதான் தண்ணி குடிச்சீங்க. ஒரு தடவை சிறுத்தைக்குப் போடுங்க."

வரையாடு கொம்பை ஆட்டியது. "கட்சி கிடக்குது போம்மா. நாளைக்கு என் கொட்டை சிறுத்தைக்குத்தான்."

மரகதம் சந்தோஷமாகத் திரும்பியது. பாதி வழியில் சந்தேகம் வந்தது. அரசியல்வாதி சொன்ன சொல்லை நம்பி முந்நூறு பிள்ளைகளை விடுவதா? எதற்கும் இருக்கட்டும் என்று, நகக் கட்சியின் கீரியிடமும் போய்க் கெஞ்சியது. கீரியும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எருமைக்குப் போடுவதாகச் சத்தியம் செய்தது.

மறுநாள் காட்டு வரலாற்றிலேயே இல்லாத ஒரு விபரீதம் நடந்தது. இரண்டு பேருமே சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள்.

இருபதுக்கு இருபது.

அதோடு விட்டார்களா? வரையாடும் கீரியும் காக்கைகளைக் கூட்டி, 'மனசாட்சிப்படி வாக்களித்தேன்' என்று தனித்தனியாகப் பேட்டி கொடுத்தன. இரண்டு கட்சியும் அடுத்த நிமிடமே அவற்றைக் கட்சியைவிட்டு நீக்கின. மிச்சம் இருப்பவர்களாவது தாவாமல் இருக்கட்டும் என்று கொம்புக் கட்சி தன் ஆட்களை வாழைத்தோப்பில் தங்கவைத்தது. நகக் கட்சி அருவிக்கரைக் குகையில் தங்கவைத்தது. வாழைத்தோப்பில் மூன்று வேளையும் தளிர், வெல்லம், மாலையில் முதுகு சொறிந்துவிட நாலு குரங்குகள். குகையில் என்ன சாப்பாடு என்பதை நான் சொல்லப்போவதில்லை. சாப்பாடாகப் போனவர்களும் வாக்காளர்கள்தான்.

பிறகு யாருக்கு அவசரம்? காலையில் வரிசையாக வந்தார்கள், கொட்டையைப் போட்டார்கள், இருபதுக்கு இருபது என்றதும் கைதட்டிவிட்டுச் சாப்பாட்டுக்குப் போனார்கள். தலைவர் வந்தால் சபை நடக்கும், சபை நடந்தால் உட்கார வேண்டும். இழுபறி இப்படியே ஐந்து வருடம் போனால் நல்லது என்று ஒரு புள்ளிமான் வெளிப்படையாகவே சொன்னது.

எட்டாம் நாள், குட்டையில் தண்ணீர் மரகதத்தின் முட்டிவரைதான் இருந்தது. பிள்ளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெளிந்தன. மரகதத்துக்கு முதலில் அழுகை வந்தது. பிறகு கோபம் வந்தது. கோபத்தோடு முள்ளம்பன்றியிடம் போனது.

"செயலாளர் ஐயா, தலைவராக என்ன தகுதி வேணும்?"

முள்ளம்பன்றி புத்தகத்தைப் புரட்டியது. அதன் முதுகில் பாதி வழுக்கையாகியிருந்தது. "மூணு மாசம் காட்டைவிட்டு வெளிய போகாதவரா இருக்கணும். ஒரு உறுப்பினர் முன்மொழியணும், இன்னொருத்தர் வழிமொழியணும். வேட்பாளருக்கு மறுப்பு இருக்கான்னு மூணு தடவை கேட்கணும்."

"உயிர் இருக்கணுமா?"

முள்ளம்பன்றி மறுபடி புரட்டியது. "அப்படி எதுவும் எழுதலை. யாரைம்மா நினைச்சிருக்கே?"

"வாய்க்கால்ல இருக்கிற கல்லை."

முள்ளம்பன்றி மரகதத்தைப் பார்த்தது. மிச்சமிருந்த தன் முட்களையும் பார்த்தது. பிறகு வேட்புமனுவை எடுத்து நீட்டியது. வரையாடு முன்மொழிந்தது, கீரி வழிமொழிந்தது. அவற்றுக்கு இனிமேல் இழப்பதற்கு ஒன்றும் இல்லை. முள்ளம்பன்றி வாய்க்காலுக்குப் போய்க் கல்லிடம் மூன்று தடவை கேட்டுவிட்டு, 'மறுப்பு இல்லை' என்று எழுதிக்கொண்டது.

அன்று மாலை மரகதம் வாழைத்தோப்புக்குப் போனது.

"நம்ம வேட்பாளர் உங்க பேச்சை நடுவுல நிறுத்தமாட்டார். தூங்கினா எழுப்பமாட்டார். என்ன ரகளை பண்ணினாலும் வெளிய போங்கன்னு சொல்லமாட்டார்."

"வந்ததிலேர்ந்து இதுவரைக்கும் ஏதாவது ஊழல் புகார்?" என்று கேட்டது புள்ளிமான்.

"ஒண்ணுகூட இல்லைங்க."

"சாப்பாடு நின்னு போயிடுமே?"

"பதவியேற்பு விருந்து ஒரு வாரம்."

எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். குகை வாசலிலும் மரகதம் இதையே சொன்னது, கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு. எருமையிடம் தனியாக, "சிறுத்தை ஜெயிக்காம இருக்கணும்னா இதுதான் வழி, ஐயா" என்றது. சிறுத்தையிடம் எருமையின் பெயரைச் சொன்னது. இரண்டும் தாராளமாகத் தலையாட்டின. தான் ஜெயிப்பதைவிட மற்றது தோற்பதில்தான் இரண்டுக்கும் ருசி அதிகம்.

ஒன்பதாம் நாள் மூன்று பானைகள் வைத்தார்கள். கொறடாக்கள் கடமைக்குக் கத்திப் பார்த்தார்கள், ஒருவரும் கேட்கவில்லை. முள்ளம்பன்றி எண்ணி முடித்துத் தொண்டையைச் செருமியது.

"காட்டெருமை ஒன்று. சிறுத்தை ஒன்று. கல், முப்பத்தெட்டு."

அந்த ஒன்றை யார் போட்டார், இந்த ஒன்றை யார் போட்டார் என்று யாரும் கேட்கவில்லை. ஆரவாரம் அடங்கியதும் முள்ளம்பன்றி வழக்கம்போல அடுத்த விதியை வாசித்தது: "தேர்வானவரை, அவர் இருக்கும் இடத்துக்கே போய், இரு கட்சித் தலைவர்களும் தங்கள் கையாலேயே..."

சபை முதல் தடவையாக அந்த விதியைக் காதில் வாங்கியது.

எருமையும் சிறுத்தையும் வேறு வழியில்லாமல் மலை ஏறின. பின்னால் காடே திரண்டு வந்தது. யானை புதிய தலைவருக்குத் தும்பிக்கையைத் தூக்கி வணக்கம் வைத்தது.

"ஒரு கை பிடிப்பா" என்றது எருமை.

"தலைவர்கள் கையாலேன்னு விதி, ஐயா. அதோட எனக்கு உத்தரவும் இல்லை."

எருமை நெற்றியை முட்டுக்கொடுத்துத் தள்ளியது. சிறுத்தை எதிர்ப்பக்கம் நின்று நகத்தால் பற்றி இழுத்தது. "என் பக்கம் சாய்க்காதய்யா" என்று கத்தியது. "நீ முதல்ல ஒழுங்கா இழு" என்று எருமை பதிலுக்குக் கத்தியது. ஒன்பது நாளாக ஒரு விஷயத்திலும் ஒத்துப்போகாத இரண்டும், வெயில் உச்சிக்கு வந்தபோது ஒரே நேரத்தில் மூச்சை இழுத்துப் பிடித்து ஒரு உந்து உந்தின. தலைவர் அசைந்தார். அவருக்குக் கீழேயிருந்து தண்ணீர் பீறிட்டு வந்தது.

நனைந்தால் பிடிக்காத சிறுத்தை எருமையின் முதுகில் தாவி ஏறியது. கூட்டணி என்று காக்கைகள் கூவின. மரகதம் அதைப் பார்க்க நிற்கவில்லை. வாய்க்காலில் தண்ணீருக்கு ஒரு தாவல் முன்னால் குதித்துக் குதித்து ஓடியது. சேற்றில் ஒட்டிக்கிடந்த பிள்ளைகள் மேல் தண்ணீர் ஏறி, வால்கள் ஒவ்வொன்றாக ஆடத் தொடங்கியபோது, குட்டைக்கரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதது.

கல் மருத மரத்தடி மேடையில் அமர்ந்தது. அதைப் போல நடுநிலையான தலைவரைக் காடு கண்டதில்லை என்று இரண்டு கட்சியும் இன்றுவரை புகழ்கின்றன. முந்நூறு தவளைகளும் வளர்ந்து, பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கத்துகின்றன. கல் ஒரு தடவைகூட அதட்டியதில்லை.

யானை மட்டும் வாய்க்கால் ஓரத்தில், கல் இருந்த இடத்தைக் காவல் காத்துக்கொண்டு இன்னும் நிற்கிறது.

"இப்பவும் எதுக்கு அண்ணே நிக்கறீங்க?" என்று மரகதம் ஒருநாள் கேட்டது.

"காவலை எடுக்கச் சொல்லி மனு போட்டிருக்கேன்மா. தலைவர் இன்னும் கையெழுத்து போடலை."

நீதி: வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் கெஞ்சாதீர்கள், அவரைத் தலைவராக்கிவிடுங்கள். இரண்டு கட்சியும் சேர்ந்து வந்து தூக்கிக்கொண்டு போகும்.