பதினாலாம் நம்பர் பஸ்ஸும் பொதுமக்களில் ஒருத்தியும்

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களின் மேலான பார்வைக்கு,

தங்கள் தொகுதியில் குடியிருப்பவளும், தையல் ஆலையில் காலர் பிரிவு மேற்பார்வையாளரும், தங்கள் உடன்பிறந்த அக்காவுமாகிய நான் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் மாமாவும் நலம். தங்கள் நலத்தைச் சுவரொட்டிகளில் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். கொஞ்சம் சதை போட்டிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. உறவினர்களும் எழுத்துமூலம்தான் அணுக வேண்டும் என்று தங்கள் செயலாளர் போனில் சொன்னதால் இந்தக் கடிதம்.

ஆறு மாதத்துக்கு முன்னால் எங்கள் பதினாலாம் நம்பர் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். கணக்கெடுத்துப் பார்த்ததில் பயணிகளே இல்லையாம். கணக்கெடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. ஆலைக்கு வார விடுமுறை. மற்ற ஆறு நாளும் அறுபது பெண்கள் அதில் மூச்சு முட்ட நின்றுகொண்டு போவோம் என்பதை யாரும் எங்களிடம் கேட்கவில்லை. இப்போது வேலை முடிந்து லாரிகள் பறக்கிற சாலையோரமாக முக்கால் மணி நேரம் நடக்கிறோம். போன மாதம் மழையில், என் பிரிவு மெஷின்காரி ஒருத்தி லாரிக்கு ஒதுங்கப் போய்ப் பள்ளத்தில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. தைக்கிறவளுக்கு மணிக்கட்டுதான் சோறு. இது தங்களுக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது என்று மூன்று மனு அனுப்பினேன். முதல் மனுவுக்கு, பிறந்தநாள் வாழ்த்துக்கு நன்றி என்று பதில் வந்தது. உன் பிறந்தநாள் எனக்குத் தெரியாதா? அதற்கு இன்னும் ஏழு மாதம் கிடக்கிறது. இரண்டாவதை மீன்வளத் துறைக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்கள் பாவம், நல்ல மனிதர்கள், எங்களிடம் பஸ் எதுவும் இல்லை என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். மூன்றாவதற்கு, உங்கள் குறை தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று போனில் செய்தி வந்தது. அந்தச் செய்தியை நான் நடந்துகொண்டேதான் படித்தேன்.

அதற்குப் பிறகுதான் லீவு போட்டுவிட்டு, மக்கள் சந்திப்பு நாளில் நேரில் வந்தேன். வாசல் ஜன்னலில் ஒரு பெண் தலை நிமிராமல், "உறவா, பொதுமக்களா?" என்று கேட்டாள். கூட வந்த உன் மாமா என் காதில், "பேசாம அக்கான்னு சொல்லிட்டு உள்ள போயேன்" என்றார். "பஸ்ஸு அக்காவுக்கா ஓடுது? பொதுமக்களுக்குத்தானே?" என்று அவரை அடக்கிவிட்டு, பொதுமக்கள் என்றே சொன்னேன். நூற்றுப் பதினாலு என்று டோக்கன் கொடுத்தாள். அப்போது ஒன்பதாம் நம்பர் உள்ளே போயிருந்தது.

கூடத்தில் நாற்காலிகள் எல்லாம் ஒரு திரையைப் பார்த்துப் போட்டிருந்தன. திரையில் நீ பேசிக்கொண்டிருந்தாய். "நான் உங்களில் ஒருவன்" என்று தொடங்கும் பேச்சு, முடிந்ததும் மறுபடி தொடங்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவராம். எல்லாரும் அவரை மீட்டர் அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் தெருவில் விளக்கு பகலெல்லாம் எரிந்து, இருட்டினதும் அணைந்துவிடுகிறதாம். நாலாவது முறையாக வந்திருக்கிறார். "இப்ப இருமுவாரு பாருங்க" என்றார். நீ இருமினாய். "இப்ப தண்ணி குடிப்பாரு." குடித்தாய். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"இவ்வளவு அலையிறீங்களே, அடுத்த தடவையும் ஓட்டுப் போடுவீங்களாண்ணே?" என்று கேட்டேன்.

"போடாம? யாருக்குப் போடுறேன்னு எனக்கு நல்லாத் தெரியும்மா. போட்டப்புறம் அது எங்க போய்ச் சேருதுன்னுதான் தெரியல."

மூன்று மணிக்கு நீ வந்தாய். முன்னால் இரண்டு பேர், பின்னால் நாலு பேர், பக்கவாட்டில் கேமராக்காரர். வரிசையாக எல்லார் கையையும் பிடித்துக்கொண்டே வந்தாய். என் கையையும் பிடித்தாய். பிடித்து, "உங்க ஆதரவுக்கு நன்றிம்மா" என்றாய். என் கை உன் கையில் இருந்தது, உன் கண் கேமராவில் இருந்தது. டேய் சின்னவனே என்று வாய்வரை வந்தது, வெளியே வரவில்லை. அதற்குள் நீ மீட்டர் அண்ணனுக்கும் நன்றி சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டாய். மொத்தம் நாலு நிமிஷம். கொண்டுபோன மனு நகல்கள் என் பையிலேயே திரும்பி வந்தன.

மறுநாள் செய்தித்தாளில் அந்தப் படம். கீழே, "மூதாட்டியின் குறையைக் கனிவுடன் கேட்டறிந்தார்." யாருடா மூதாட்டி? எனக்கு நாற்பத்தெட்டு. உனக்கு நாற்பத்தாறு. நான் மூதாட்டி என்றால் நீ என்ன, தொட்டில் குழந்தையா? சரி, அதை விடு. கேட்டறிந்தாராமே, என்னத்தைக் கேட்டாய்? நான் வாயே திறக்கவில்லையே! தேர்தலுக்கு முன்னால் எங்கள் ஆலைக்கு வந்து மெஷின் மெஷினாக நின்று, பெயர் என்ன, பிள்ளை என்ன படிக்கிறது என்று கேட்டவன்தானே நீ? இவன் நம்ம பயல், கேட்டால் செய்வான் என்று அறுபது பேரிடமும் வாக்குக் கொடுத்தவள் நான். கட்டுப்போட்ட கையோடு வந்த மெஷின்காரி படத்தைப் பார்த்துவிட்டு, "உங்க தம்பிக்கு உங்களையே தெரியலையேக்கா, எங்கள எங்க தெரியப்போகுது?" என்றாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. அவள் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள். அன்றைக்கு முழுக்க என்னால் ஒரு காலரைக்கூட நேராகப் பார்க்க முடியவில்லை.

ஆகவே இதுதான் என் நாலாவது மனு, கடைசி மனு. வருகிற திங்கட்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஆலை வாசலுக்கு வா. கார் வேண்டாம், கேமரா வேண்டாம், முன்னால் பின்னால் ஆள் வேண்டாம். எங்களோடு முக்கால் மணி நேரம் நட. நடந்தபிறகும் பஸ் தேவையில்லை என்று தோன்றினால், அதை அறுபது பேர் முகத்தையும் பார்த்துச் சொல்லிவிட்டுப் போ. வராவிட்டால் அடுத்த தேர்தலில் என் ஓட்டு உனக்கு இல்லை, உன் மாமா ஓட்டும் இல்லை. அவரிடம் இன்னும் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். அந்த இருமல் எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கிருந்தாலும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு.

இப்படிக்கு,
பொதுமக்களில் ஒருத்தி

பின்குறிப்பு: மேலே கண்ட மனுவை ரத்து செய்துகொள்ளவும். கடிதத்தை உறையில் போடுவதற்குள் பஸ் வந்துவிட்டது. டெப்போ மேலாளர் செய்தித்தாளில் படத்தைப் பார்த்து, நான் உன் அக்கா என்று யார் மூலமோ நேற்றுத்தான் தெரிந்துகொண்டாராம். அன்று மாலையே பஸ்ஸை அனுப்பிவிட்டு எனக்குப் போன் போட்டு, "முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாம்மா? ஆறு மாசம் நடந்திருக்கீங்களே!" என்று வருத்தப்பட்டார். அறுபது பேரும் கைதட்டி ஏறினார்கள். நானும் ஏறினேன், சந்தோஷமாக உட்கார முடியவில்லை. விஷயம் ஊரெல்லாம் பரவி, இன்று காலையிலிருந்து என் வீட்டு வாசலில் பதினேழு பேர் மனுவோடு நிற்கிறார்கள். மீட்டர் அண்ணன்தான் முதல் ஆள். என்னால் ஒன்றும் ஆகாது என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். உனக்கு அக்காவாகப் பிறக்காதவர்கள் இந்த ஊரில் எங்கே போய்ச் சொல்வது? பதில் உடனே வேண்டும். வெயில் ஏறுகிறது, அவர்களை உட்காரச் சொல்ல என் வீட்டில் இரண்டு நாற்காலிதான் இருக்கிறது.