மூக்கைத் தூக்கியவன்

கைப்பிடி நடுங்கியது. தன் கைதான் நடுங்குகிறது என்று நினைத்த விமானி அதை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

தரையை விட்டு எழும்பாத பயிற்சி விமானம் அது. ஆனாலும் திரையில் ஓடிய மேகமும் இருக்கையின் ஆட்டமும் நிஜம்போலவே இருந்தன. சோதனைக்குப் போகச் சொல்லித் தலைமை விமானி அனுப்பியிருந்தார். ஏற்கெனவே இரண்டு தேர்வில் கோட்டை விட்டவன். இதிலும் விட்டால் மாமனாரின் மெத்தைக் கடையில் கல்லாவில் உட்கார வேண்டியதுதான்.

"வேகம் குறையுது தம்பி," என்றார் சோதனையை நடத்தப் பின்னால் உட்கார்ந்திருந்த மேடம்.

"தெரியுது மேடம்." விமானத்தின் மூக்கைத் தூக்கினான். விழுகிற எதையும் மேலே இழுக்கத்தானே கை போகும்.

அதுதான் வினை. வேகம் குறைந்த நேரத்தில் மூக்கு நிமிர்ந்தால், இறக்கையின் முதுகைத் தடவிக்கொண்டு போக வேண்டிய காற்று பிய்த்துக்கொண்டு போய், விமானம் விழத் தொடங்கும். அதை முன்கூட்டியே மோப்பம் பிடித்துத்தான் இயந்திரம் கைப்பிடியை உலுக்குகிறது.

"ரொம்ப உலுக்குது மேடம். என்ன செய்யறது?"

"உங்களுக்குத் தோணுறதைச் செய்யுங்க."

காற்றுத் தடை குறையட்டும் என்று, இறக்கையின் பின்புறம் விரித்திருந்த மடிப்புகளை உள்ளே இழுத்தான். மிச்சமிருந்த பிடிப்பும் போயிற்று.

"அருமை," என்றார் மேடம், எழுதிக்கொண்டே. குத்திக் காட்டுகிறார் என்று அவனுக்குக் காது சுட்டது.

இப்போது கைப்பிடி தானாகவே முன்னால் போனது.

"யாரோ தள்றாங்க மேடம்."

"மெஷின்தான் தள்ளுது. உலுக்கியும் கேக்கலைன்னா மூக்கை அதுவே கீழ இறக்கிடும். விடாம இழுக்கறீங்களா? இழுங்க, இழுங்க."

முழங்காலை முட்டுக்கொடுத்து மல்லுக்கட்டினான். இனி வேலை போனது போனதுதான் என்று ஆனபின் ஒரு விபரீத ஆசை வந்தது. இது எதுவரைதான் பொறுத்துக்கொள்ளும்? சாய்த்துப் பார்த்தான். விட்டுப் பிடித்துப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் அது உலுக்கியது, தள்ளியது, போன வேகத்தை மீட்டுக் கொடுத்தது. கடைசியில் களைத்தது அவன்தான்.

விளக்குகள் எரிந்தன. மேடம் முகமெல்லாம் சிரிப்பாக இறங்கிப் போனார்.

கதவருகே நின்ற மெக்கானிக்கிடம், "ஃபெயில்தானே அண்ணே?" என்றான்.

"நீங்க எதுக்கு ஃபெயிலாகணும்? இன்னைக்கு டெஸ்ட் மெஷினுக்கு. எப்பேர்ப்பட்ட ஆள் ஓட்டினாலும் காப்பாத்துதான்னு பார்க்க, உங்க ஆபீஸ்ல இருக்கறதுலயே மோசமான பைலட்டைத்தான் அனுப்பச் சொல்லியிருந்தோம்."